பதினெட்டு பூஜ்ஜியங்களும் ஒரு லோடு திப்பியும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. மின்னஞ்சலில் வந்தது. இணைப்பு ஏழு, நான்காம் பக்கம்: 'வெற்றிக் கதை ஒன்று. எண்ணூறு சொற்களுக்கு மிகாமல். புகைப்படத்துடன். பயனாளி பெண்ணாக இருந்தால் நலம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்.' எழுத்தாளனுக்கு உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும் என்பார்கள். எனக்குக் கேட்ட குரல் திட்ட ஒருங்கிணைப்பாளர் கௌதமனுடையது. நீங்கள்தான் கதையெல்லாம் எழுதுவீர்களே முருகானந்தம் சார், ஒன்று தட்டி விடுங்கள் என்றார்.

நான் திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். சிறுபத்திரிகைகளில் எட்டுக் கதைகள் வந்திருக்கின்றன. இது வெளியே தெரிந்த நாளிலிருந்து வரவேற்புரை, இரங்கல் பேனர், தாளாளர் பேத்தியின் காதணி விழாப் பத்திரிகை எல்லாம் என் தலையில்தான். வெற்றிக் கதை என்பது இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்த இலக்கிய வகை.

எதில் வெற்றி என்று கேட்பீர்கள். எங்கள் கல்லூரிக்கும் வட ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மூன்று வருட ஒப்பந்தம். பொருள், உயிரிப் பொருளாதாரம். அதாவது இன்றைக்கு பெட்ரோலிய வகையறாவிலிருந்து செய்கிற பை, தட்டு, பிசின் எல்லாவற்றையும் இனிமேல் செடி கொடியிலிருந்தும், விளைச்சலில் மிஞ்சுகிற சக்கையிலிருந்தும் செய்வது. அங்கே மரத்தூள், இங்கே மரவள்ளி. சேர்ந்து ஆராய்ச்சி, சேர்ந்து பாடம், சேர்ந்து புகைப்படம் என்று பேச்சு. மூன்றாவது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

2

தொடக்கங்கள்.

'பச்சைப் பசேலென்ற மரவள்ளிக் காட்டின் நடுவே, இளம் விஞ்ஞானி ரஞ்சனி தன்—'

[கைவிட்டேன். சம்பவம் நடந்தது ஜூன் மாதத்தில். காட்டில் பச்சையாக இருந்தது உரக்கம்பெனி விளம்பரப் பலகை ஒன்றுதான்.]

'சிறு வயதிலிருந்தே ரஞ்சனிக்கு ஆராய்ச்சியாளர் ஆகவேண்டும் என்று—'

[அவளையே கேட்டேன். மின்வாரியத்தில் சேரவேண்டும் என்றுதான் இருந்தாளாம். பரீட்சையே வைக்கவில்லை, அதனால் இங்கே வந்தாளாம்.]

'உலகமே பிளாஸ்டிக்கில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் இவ்வேளையில்—'

[உலகமே என்று தொடங்குகிற எதையும் நம்பாதீர்கள். எழுதுகிறவனுக்கு ராசிபுரம் தாண்டி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.]

சரி, திப்பியிலிருந்தே தொடங்குகிறேன். ராசிபுரம், வெண்ணந்தூரிலிருந்து ஆத்தூர் வரைக்கும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகள் இருக்கின்றன. கிழங்கை அரைத்து, பாலை வடித்த பிறகு சல்லடையில் நிற்கிற நார்ச் சக்கைக்குப் பெயர் திப்பி. ஈரமாகக் கிடந்தால் புளித்து நாறும். காயவைத்தால் நாற்றம் தெரியாது. இந்தத் திப்பியிலிருந்து மக்கிப்போகும் பை செய்வது எங்கள் ஆராய்ச்சி. திட்டத்தில் உதவித்தொகை பெறும் ஆய்வாளர் ரஞ்சனி, அதைச் செய்தும் காட்டினாள். நல்ல பை. ஈரக்கை பட்டால் மட்டும் கையிலேயே மக்க ஆரம்பித்துவிடும். அதையும் சரிசெய்துவிடலாம் சார், இன்னும் இரண்டு வருடம் கிடைத்தால் என்றாள்.

3

பாடம் நடத்தியதைப் பற்றியும் எழுதவேண்டும் என்று இணைப்பு ஏழு சொல்கிறது. எழுதிவிடுகிறேன், ஒரு பத்தியில் முடிந்துவிடும்.

பாடத்திட்டம் அங்கிருந்து வந்தது. முதல் அலகு, பிர்ச் மரத்தின் பட்டை. எங்கள் மாணவர்கள் நாற்பது பேரில் ஒருவரும் பிர்ச் மரத்தைப் பார்த்ததில்லை. எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டார்கள். வெள்ளையாக இருக்கும் என்றேன், காலண்டரில் பார்த்த ஞாபகத்தில். தேர்வில் பதினாறு மதிப்பெண் கேள்வியாக அதுவே வந்து, நாற்பது பேரும் படம் வரைந்து பாகங்களைக் குறித்தார்கள். திரையில் வந்து பாடம் எடுத்த பேராசிரியர் ஹெலேனா, வயது அறுபதை ஒட்டியவர், ஒருநாள் பாதியில் நிறுத்தினார். உங்களைச் சுற்றி என்ன விளைகிறது, அடுத்த வகுப்பை நீங்கள் எனக்கு எடுங்கள் என்று கேட்டார். மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கௌதமன் எட்டி மைக்கைப் போட்டு, கவலைப்படாதீர்கள் மேடம், போர்ஷனை முடித்துவிடுவோம் என்று உறுதி கூறினார்.

4

இந்தக் கதையில் கதாநாயகி ஒரு அட்டவணையோடு வருகிறாள்.

முதல் வருடமே ரஞ்சனியை ஒரு கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். பதினெட்டு சேகோ ஆலைகள். டவுன் பஸ்ஸிலும் நடந்தும் போய் வந்தாள். படிவத்தின் கடைசிப் பத்தியின் தலைப்பு: 'ஆண்டுக்கு வீணாகும் திப்பி, சதவீதத்தில்'. பதினெட்டு ஆலைக்கும் பூஜ்ஜியம் போட்டிருந்தாள்.

ஏனென்றால் திப்பி வீணாவதில்லை. எங்கள் பக்கம் மாடு எருமை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதுதான் தீனி. களத்தில் காய்ந்து முடிப்பதற்கு முன்பே வண்டி வந்து நிற்கும். ராசிபுரத்தில் திப்பி வியாபாரம் செய்யும் நசுருல்லா பாய், ரஞ்சனியை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, எங்காவது கேட்பாரில்லாமல் ஒரு மூட்டை கிடந்தால் தனக்கு ஒரு போன் போடும்படி நம்பரும் கொடுத்து அனுப்பினார்.

அட்டவணையைப் பார்த்த கௌதமன் கடைசிப் பத்தி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

"காலி இல்லீங்க சார். பூஜ்ஜியமுங்க."

"பூஜ்ஜியத்தைக் காட்டுனா திட்டத்தோட ரெண்டாம் கட்டத்துக்கு யாரும்மா பணம் குடுப்பாங்க?"

பிறகு வேறு ஏதோ ஒரு நாட்டைப் பற்றிய கட்டுரையிலிருந்து முப்பது சதவீதம் என்று ஒரு எண்ணை எடுத்து, அதைப் பதினெட்டு இடத்திலும் போடச் சொன்னார்.

[கௌதமனை இந்த இடத்தில் வில்லன் ஆக்கிவிட்டால் எனக்குப் பெரிய வசதி. முயன்றேன், முடியவில்லை. ரஞ்சனியின் உதவித்தொகை எட்டு மாதம் நின்றுபோனபோது அலுவலகம் அலுவலகமாக நடந்து வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். இரண்டாம் கட்டத்தில் ஒரு ஆளை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இரண்டு வருடம் முனைவர் படிப்புக்கு அனுப்பும் இடம் ஒன்று இருந்தது. அதற்கு ரஞ்சனி பெயரைத்தான் எழுதினார். வேண்டியவர்கள் யாரையும் எழுதவில்லை. இப்படியெல்லாம் இருந்தால் மனிதன் எப்படிக் கதை எழுதுவது?]

ஆகவே நிலவரம் இது. திப்பி வீணாகிறது என்றால் இரண்டாம் கட்டம் உண்டு, ரஞ்சனிக்குப் படிப்பு உண்டு. வீணாகவில்லை என்றால் இரண்டும் இல்லை. ரஞ்சனி ஒரு வாரம் யோசித்து முப்பது என்று போட்டுக்கொடுத்தாள். அந்த வாரம் அவள் கேண்டீன் பக்கமே வரவில்லை.

5

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து உடைத்தால் கைதட்டல் விழும். ஆனால் இந்த விவகாரத்தில் நான் ஒளித்தது போதும்.

அடுத்த பகுதியில் அங்கம்மாள் என்று ஒருவர் வருவார். வெண்ணந்தூர்ப் பக்கம் மூன்று எருமைகளை வைத்துக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் ரஞ்சனியின் அம்மா.

எழுதுகிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அம்மா, மகள் என்று வைத்தால் சீரியல் மாதிரி இருக்கிறது, பெரியம்மா ஆக்கிவிடு என்றார். ஆக்கிப் பார்த்தேன். பெரியம்மாவால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை, சண்டைக்குப் போய்விட்டார். ஆகவே அம்மாவாகவே இருக்கட்டும். உண்மையிலும் அம்மாதான்.

6

ஹெலேனா நேரில் வருவதாகச் செய்தி வந்தது. ஜூன் இரண்டாம் வாரம். கிழங்கு வெட்டு முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கிற காலம். ஆலை ஓடும்போதே வீணாகாத திப்பி, பூட்டிய காலத்தில் எங்கே போய் வீணாகும்?

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. எங்களுக்குப் பாடம் நடத்த வருகிறதோ இல்லையோ, இன்ஸ்பெக்ஷனுக்குத் தயாராக நன்றாக வரும். குழு வரும் நாளில் நூலகத்தில் புத்தகம் குறைந்தால் சகோதரக் கல்லூரியிலிருந்து டெம்போவில் வந்து இறங்கும். பேராசிரியர் குறைந்தால் அவரும் அதே டெம்போவில் வந்து இறங்குவார். குழு போனதும் புத்தகமும் பேராசிரியரும் திரும்பிப் போவார்கள். இருபது வருடப் பயிற்சி இது. ஆகவே வெளிநாட்டு அம்மா வருகிறார், காட்டுவதற்குக் கழிவு இல்லை என்றதும் கௌதமன் கலங்கவில்லை. கழிவை வரவழைத்தார்.

கோடைக்கும் மழைக்கும் நடுவே மாட்டுக்காரர்களுக்கு விற்பதற்காக நசுருல்லா பாய் குடோனில் காய்ந்த திப்பி அடுக்கி வைத்திருந்தார். ஆராய்ச்சிக்கு என்று சொல்லி, இருந்த மொத்தத்தையும் ஒரு லாரியில் ஏற்றி, வெண்ணந்தூரை ஒட்டி ஒரு பூட்டிய ஆலையின் களத்தில் கொட்டினார்கள். கொட்டிப் பார்த்தால் சுத்தமாக, வாடையே இல்லாமல் இருந்தது. யாரும் அதைக் கழிவு என்று நம்பமாட்டார்கள். தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்து நனைத்தார்கள். மூன்றாம் நாள் கௌதமன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சூப்பராக நாறுகிறது என்று மனநிறைவோடு சொன்னார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நல்ல தீனியைக் காசு கொடுத்து வாங்கி, தண்ணீர் ஊற்றி அழுகவைத்துக் கழிவாக்கி, அதன்பின் அதை ஒழிக்க வழி தேடிய ஆராய்ச்சி எங்களுடையது. இணைப்பு ஏழில் 'புதுமை' என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதன் கீழ் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். பதில் இல்லை.]

இத்தனைக்கும் ஹெலேனா முன்பே எழுதியிருந்தார். உள்ளதைக் காட்டுங்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்பதைக் காட்டுங்கள், அதுவும் எங்களுக்கு ஒரு முடிவுதான் என்று. நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். குழுவில் வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் நைசாகப் போட்டு வாங்குவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன.

ஹெலேனா களத்துக்கு வந்த நாள், காலை பதினொரு மணி. ஹெலேனா குனிந்து ஒரு பிடி திப்பியை அள்ளி முகர்ந்து பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை. கௌதமன் பக்கத்தில் நின்று முப்பது சதவீதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ரஞ்சனி குறிப்பு அட்டையோடு பின்னால் நின்றாள். ஊர்க்காரர்களோடு பேச வேண்டும் என்று ஹெலேனா கேட்டிருந்ததால் நான் மொழிபெயர்ப்பாளன். ஊர்க்காரர்களாக எங்கள் கேண்டீன் பெண்கள் மூன்று பேரை ஏற்பாடு செய்து, இரண்டிரண்டு வரி சொல்லிக்கொடுத்து நிழலில் உட்கார வைத்திருந்தோம்.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. இரண்டு வெறும் சாக்கோடு அங்கம்மாள் இறங்கினார். பாய் குடோனுக்கு அன்றும் போய், காலியாகவே இருப்பதைப் பார்த்து, எங்கே போயிற்று என்று விசாரித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறார். களத்தைப் பார்த்தார். சாக்குகளைக் கீழே போட்டார். ஹெலேனா ஆர்வமாக அவர் அருகே போய், இந்த அம்மா என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அங்கம்மாள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கீழே தருகிறேன்.

"இது கழிவு இல்லீங்க சாமி. எம் மூணு எருமைக்கும் இதுதான் தீனி. நீங்க அல்லாத்தையும் ஒருசேர வாங்கியாந்து தண்ணிய ஊத்தி அழுக வச்சுப்போட்டீங்க. மூணு நாளா வெறுஞ் சோளத்தட்டப் போட்டுக் கறக்கறனுங்க, பால் பாதியாப் போச்சு. இனிமேலாச்சும் இதை எடுத்துட்டுப் போவாதீங்கன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க."

ஹெலேனா என் பக்கம் திரும்பினார்.

7

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன்.

முதல் முறை: 'வெயில் மண்டையைப் பிளந்தது, லாரிச் சத்தத்தில் சரியாகக் காதில்—'

[லாரியே இல்லை அங்கே.]

இரண்டாம் முறை: 'கௌதமன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள்—'

[பார்க்கவில்லை. போனில் சாப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.]

மூன்றாம் முறை: 'மொழிபெயர்ப்பு என்பதே ஒருவகைத் துரோகம் என்று அறிஞர்கள்—'

[சீ.]

நான்காம் முறை. ஹெலேனாவிடம் நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: 'இந்தக் குவியலால் மூன்று நாளாக ரொம்பச் சிரமமாம். மூன்று எருமை வைத்திருக்கிறாராம், பால் பாதியாகக் குறைந்துவிட்டதாம். தயவுசெய்து இதை எடுத்துக்கொண்டு போக வழி செய்யுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறார்.'

மூன்று நாளை நான் மாற்றவில்லை. எருமையையும் பாலையும் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஆக்கினேன், அவ்வளவுதான். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வந்த விருந்தாளி முன்னால் ஒரு சங்கடம் வேண்டாமே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபது வருடம் வரவேற்புரை வாசித்த வாய்.

ஹெலேனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்டிப்பாகச் செய்கிறேன் என்றார். தான் சொன்னதைத்தான் அந்த அம்மா ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து அங்கம்மாள் கும்பிட்டார். கேண்டீன் பெண்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ரஞ்சனிக்கு ஆங்கிலம் தெரியும். அம்மா சொன்னதும் காதில் விழுந்தது, நான் சொன்னதும் விழுந்தது. அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்தாள் என்று எழுத எனக்கு அவ்வளவு ஆசை. அவள் குறிப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கம்மாளும் அவளை மகள் என்று காட்டிக்கொள்ளவில்லை. அழுக்குச் சாக்கோடு மொபெட்டில் வந்தவள் அம்மா என்று தெரிந்தால் மகளுக்குக் குறைச்சலாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். கிளம்பும்போது அவளைப் பார்த்து, "வாரேனுங்க மேடம்" என்றார்.

சொந்த மகளை மேடம் என்றார். அன்று எனக்கு அது தெரியாது, மறுநாள் கேண்டீன் பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. வேறு விதமாக அலங்கரித்துச் சொல்லத் தெரியவில்லை.

8

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு ஆசிரியர் அறைச் சிரிப்பாக மறந்திருப்பேன். போன வாரம் இரண்டாம் கட்டத்தின் விண்ணப்ப வரைவு வந்தது. முதல் பக்கத்தில் அங்கம்மாள் படம். படத்துக்குக் கீழே, அவர் சொன்னதாக, நான் சொன்னது. உள்ளே திட்டம்: பதினெட்டு ஆலைகளின் திப்பி முழுவதையும் வருடக் குத்தகைக்கு எடுத்து, ஒரே இடத்தில் பை செய்வது. வருகிற ஐப்பசி வெட்டிலிருந்து. பதினோராம் பக்கத்தில் ரஞ்சனியின் பெயர், இரண்டு வருடப் படிப்பு, செப்டம்பரில் பயணம்.

கூடவே ஒரு படிவம். யாருடைய வார்த்தையை அச்சிடுகிறோமோ அவர் சம்மதிக்க வேண்டுமாம். அவருடைய சொந்த மொழியில், அவர் சொன்னது என்ன என்று நான்கு வரியில் எழுதி, வாசித்துக் காட்டி, அவர் கையெழுத்து வாங்கவேண்டும். அதற்குக் கீழே, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன் என்று மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து. வெற்றிக் கதையோடு சேர்த்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். நேர்மையான ஆட்களோடு கூட்டுச் சேர்ந்தால் வருகிற தொல்லை இதுதான். எங்கள் குழுக்காரர்கள் யாரும் இப்படி மனிதனை அவமானப்படுத்தியதில்லை.

அங்கம்மாள் சொன்னதையே எழுதினால் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகாது. விண்ணப்பம் நிற்கும், ரஞ்சனியின் இடம் போகும். நான் சொன்னதைத் தமிழாக்கி எழுதினால் எல்லாம் நடக்கும். ஐப்பசிக்குப் பிறகு அங்கம்மாளின் எருமைகளுக்குத் திப்பி கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை ரஞ்சனி ஆசிரியர் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் பேசியிருக்கோணுங்க சார். பேசல. முப்பதுன்னு போட்டதும் நாந்தானுங்க. நீங்க அம்மா சொன்னதையே எழுதீருங்க. போறது போகட்டும்."

யோசித்துச் சொல் என்றேன். தவிடும் புண்ணாக்கும் வாங்கி மூன்று எருமை வைத்துக் கட்டுப்படியாகாது, அம்மா இரண்டை விற்றுவிடும், பிறகு ஒன்றையும் விற்றுவிடும், அந்தப் பாலில்தான் நான் படித்தேன் என்றாள். அம்மாவிடம் தான் வந்து போனதைச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

9

புதன்கிழமை சாயங்காலம் வெண்ணந்தூர் போனேன். கறவை நேரம். தகரக் கொட்டகையில் அங்கம்மாள் ஒரு எருமைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், அன்றைக்கு நீங்கள் சொன்னது இருக்கிறதே என்று இழுத்தேன்.

"நீங்க மாத்திச் சொன்னீங்க, தெரியுமுங்க. எம்புள்ள அன்னிக்குச் சாயங்காலமே ஊட்டுக்கு வந்து சொல்லி அழுதுச்சு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கறப்பதை நிறுத்தாமல், தான் சொன்னபடி எழுதினால் மகள் போகமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். நீங்கள் சொன்னபடி எழுதினால்? போகலாம் என்றேன். திப்பி? மொத்தமும் குத்தகைக்குப் போய்விடும் என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். ஐப்பசி வெட்டு. அவள் எப்போது ஏறவேண்டும்? செப்டம்பர், அதாவது ஆவணிக் கடைசி. அந்த எருமையைக் கறந்து முடித்தார். பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப நீங்க சொன்னதையே எழுதுங்க சாமி. புள்ள ஏரோப்ளேன் ஏறட்டும். ஏறுன பொறவு, நான் சொன்னதை எழுதி அனுப்பிச்சுப்போடுங்க."

அப்படியெல்லாம் செய்யமுடியாது, ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதுதான் என்று விளக்கினேன். அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஒருக்கா மாத்துனவருக்கு இன்னொருக்கா மாத்த வராதுங்களா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி, இன்னும் ஒன்றும் எழுதாத நான்கு கோடுகளுக்குக் கீழே, அ-வில் தொடங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுதுவது உங்கள் பாடு என்றார். இதை மகளிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார்.

10

வெள்ளிக்கிழமை, மணி நாலு இருபது. முடிவுகள் கைவசம் இருப்பவை:

(அ) உண்மையை எழுதுகிறேன். ஹெலேனா நெகிழ்ந்துபோய், திப்பியைத் தீனியாகவே ஆராய்வோம் என்று திட்டத்தைத் திருத்துகிறார். ரஞ்சனி போகிறாள். எருமைகள் நலம். இது எண்ணூறு சொற்களுக்குள் அடங்கும், படமும் போடலாம். நடக்கவும் கூடும், அந்த அம்மா அப்படிப்பட்டவர்தான். ஆனால் நடக்கும் என்று நானே எழுதி, நானே ஆறுதல் அடைந்து, டீ குடிக்கப் போவது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

(ஆ) பொய்யை எழுதுகிறேன். ரஞ்சனி விமானம் ஏறுகிறாள். தை மாதம் ஒரு வண்டி வந்து கொட்டகைக்கு முன்னால்—

[எழுதவில்லை.]

(இ) படிவம் தொலைந்துவிடுகிறது. பஸ்ஸில் வைத்தேன், காணவில்லை. இதற்கு எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இதுவரை ரஞ்சனியின் படிப்பு, அங்கம்மாளின் எருமை என்று உருகி உருகி எழுதிக்கொண்டு வந்தேன், கவனித்தீர்களா? என் கை நிற்பது அங்கே இல்லை. அடியில் இருக்கிற அந்த இரண்டாவது கையெழுத்தில், மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருக்கிற இடத்தில் நிற்கிறது. உண்மையை எழுதினால் அன்று பொய் சொன்னவன் யார் என்பது தெரிந்துவிடும். எனக்கு நாற்பத்தாறு வயது, வேறு கல்லூரி எடுக்காது. மகள் அம்மாவுக்காக உண்மையை எழுதச் சொல்கிறாள். அம்மா மகளுக்காகப் பொய்யை எழுதச் சொல்கிறார். மூன்று பேரில் தன்னைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான்.

நாலு ஐம்பத்திரண்டு. நான்கு வரியையும் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். ஸ்கேன் செய்து அனுப்பியாயிற்று. வெற்றிக் கதை கேட்ட இடத்தில் எதுவும் இணைக்கவில்லை. எழுதியது இதுதான், இது எண்ணூறு சொற்களைத் தாண்டிவிட்டது.

படிவத்தில் என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன். திட்டுங்கள், பரவாயில்லை. சொன்னால் நீங்கள் என்னை மெச்சுவீர்கள், அல்லது காறித் துப்புவீர்கள். இரண்டில் எது நடந்தாலும் கதை என்னைப் பற்றியதாகிவிடும்.

அந்தக் களத்தில் அங்கம்மாளுக்கும் ஹெலேனாவுக்கும் நடுவே நான் நின்றேன். அங்கம்மாளுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கவில்லை. அவர் சொன்னதை ஆறாம் பகுதியில் அப்படியே வைத்திருக்கிறேன், நீங்களும் படித்துவிட்டீர்கள். இனி அந்தப் படிவத்தில் எது இருந்தாலும், அவர் சொன்னது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

இவன் அதையும் மாற்றியிருப்பானோ என்று ஒரு சந்தேகம் வருகிறதா? வரவேண்டும். ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூருக்கு பஸ் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கறவையில் இருப்பார். போய்க் கேளுங்கள். உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே, நான் வரவேண்டியதில்லை.